மஞ்சள் பாஸ்தா

ராத்திரி ஷிப்டில் டூரிஸ்ட்டுகளுக்குப் பாஸ்தா கிளறிக் கிளறி வெறுத்துப்போய்த்தான் கஜேந்திரன் ஹோட்டல் வேலையை விட்டான். வீட்டில் சும்மா இருப்பது அதைவிட வெறுப்பாக இருந்தது. அந்த நேரம் பார்த்து, கூட்டாளி ரஸீன் கட்டுகஸ்தோட்டையில் சாப்பாட்டுக் கடை திறக்கப் போவதாகச் சொன்னான். பகலில் சமைக்க ஆள் வேண்டும்.

"வெள்ளிக்கிழம வாறன் மச்சான். கிரீம் போட்டு இறால் பாஸ்தா செஞ்சு காட்டு. வாய்க்குப் புடிச்சா வேல ஒனக்குத்தான்."

அவன் மனைவி பிரேமிளா போனைப் பிடுங்கினாள். "வெள்ளிக்கிழம எங்க வீட்ல கவிச்சி ஏறாது அண்ணே. சனிக்கிழம வாங்க."

சனிக்கிழமை பின்னேரம் கண்டி மார்க்கெட்டிலிருந்து இறாலைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்துவிட்டு, பாஸ்தாவை அவித்தான். பட்டரில் உள்ளிப்பூண்டை வதக்கினான். கண் வாசலிலேயே இருந்ததால், அவள் நீட்டிய கிண்ணத்தைப் பார்க்காமலே சட்டியில் கொட்டி, கிரீமை ஊற்றினான். வெள்ளைக் கிரீம் மஞ்சளாகி, திரிந்து திப்பி திப்பியாக நின்றது.

"இறால என்னடி செஞ்ச?"

"கழுவினேன்."

"எதுல?"

"மஞ்சளும் தேசிக்காப் புளியும் போட்டுத்தான். பின்ன, சோப்பு போட்டா கழுவுவாங்க?"

வீட்டில் இருந்தது ஒரே ஒரு கிரீம் பாக்கெட். வாசலில் த்ரீவீல் வந்து நின்றது. சட்டியோடு வெளியே வீசிவிடலாம் போலிருந்தது அவனுக்கு.

"மூஞ்சியத் தூக்காதீங்க. ராவைக்குத் தேங்கா துருவி வச்சிருக்கேன். முதல் பால் புழிஞ்சு தாறேன்."

திப்பியை வழித்துப் போட்டான். நெருப்பைக் குறைத்துக் கெட்டிப்பாலை ஊற்றி, பாஸ்தா அவித்த தண்ணீரில் ஒரு கரண்டி விட்டு, மிளகைத் தூவி, பாஸ்தாவைப் போட்டுக் கிளறினான். இந்தத் தடவை திரியவில்லை. நிறம் மட்டும் போகவில்லை.

ரஸீன் கதிரையில் உட்கார்ந்து தட்டையே பார்த்தான்.

"என்னடா இது, தேங்காப்பால் சொதிக்குள்ள பாஸ்தா விழுந்த மாதிரி?"

கஜேந்திரன் முள்ளுக்கரண்டியை நீட்டினான். ரஸீன் ஒரு வாய் தின்றான். இன்னொரு வாய். பிறகு முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டுக் கையால் தின்ன ஆரம்பித்தான்.

"வெள்ளயாவும் செய்வியா?"

"கண்ண மூடிக்கிட்டுச் செய்வேன்."

"அது எல்லா எடத்துலயும் கெடைக்குது. கடைக்கு இதத்தான் செய்யணும். திங்கக்கிழம காலயிலயே வந்துரு."

ரஸீன் போன பிறகு, கஜேந்திரன் அடுப்படியில் நின்றபடியே சட்டியில் மிச்சமிருந்ததைத் தின்றான். நன்றாகத்தான் இருந்தது. அதை வாய்விட்டுச் சொன்னால் பிரேமிளா ஆயுசு முழுக்கச் சொல்லிக்காட்டுவாள். விரலால் அவன் சட்டியை வழித்து நக்குவதைப் பிரேமிளா கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.