பழுத்த பேரிக்காய்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. என் அக்காவின் கணவர் ஒரு ஒயின் கடையில் ருசி பார்ப்பவர். வாடிக்கையாளர்கள் முன்னால் கோப்பையைச் சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் குடித்துவிட்டு, "எலுமிச்சைப் பூ. மழையில நனைஞ்ச கல்லு. கடைசியில லேசா ஒரு தேன்" என்பார். அதற்குச் சம்பளம். நான் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு பத்தி எழுதினால் "நல்லா இருக்கு" என்பதோடு சரி. வயிறு எரியாதா?

2

முதல் தொடக்கம்: பொன்னிறத் திரவம் கோப்பையின் விளிம்பில் மெல்ல

(வேண்டாம். ஒயின் என்றாலே எல்லோரும் பொன்னிறத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள்.)

இரண்டாவது தொடக்கம்: அத்தானுக்கு மூக்கு போய்விட்டது.

இது தேவலை. ஒரு காய்ச்சல் வந்து போனதில் வாசனை தெரிவது அடியோடு நின்றுவிட்டது. வேலை போய்விடுமே என்று அவர் வெளியே மூச்சு விடவில்லை. தெரிந்தவள் அக்கா மட்டும்தான். அதே கடையில் பாட்டில் திறப்பது அவள் வேலை. திறக்கும்போதே முகர்ந்துவிடுவாள். ஒயின் நன்றாக இருந்தால் லேபிளை அவர் பக்கம் திருப்பி வைப்பாள். கெட்டிருந்தால் சுவர்ப் பக்கம். மிச்சத்தை அவர் வாய் பார்த்துக்கொள்ளும்.

3

அன்று உயர்ந்த ரக பிரெஞ்சு வெள்ளை ஒயின். முதலாளிக்கு அத்தானின் மூக்கு மேல் ஏற்கெனவே சந்தேகம். பாட்டிலைத் தானே தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்து வைத்தார். வந்திருந்தவர்களில் ஒரு அம்மாள் அக்காவிடம், "நீங்களும் ருசி பாப்பீங்களா?" என்று கேட்டார்.

"இவளா?" அத்தான் சிரித்தார். "இவளுக்குத் தக்கையப் பிடுங்கத்தாங்க தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். தக்கையைப் பிடுங்கினாள், முகர்ந்தாள், லேபிளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

ஒயின் கெட்டிருந்தது. நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம்.*

அத்தான் கண்ணை மூடிக்கொண்டு, "பழுத்த பேரிக்காய்" என்றார்.

* இங்கே 'வஞ்சம்' என்று எழுதி அடித்துவிட்டேன். கூடப் பிறந்தவளைப் பற்றி அப்படி எழுதக் கை வரவில்லை. அவளுக்கு ஜலதோஷம் என்று மாற்றிப் பார்த்தேன். கதை சப்பென்று ஆகிவிட்டது.

4

அத்தான் மாட்ட வேண்டிய இடம் இது. அதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன். ஆனால் என் பாத்திரங்கள் காலை வாரிவிட்டார்கள்.

வந்திருந்தவர்களில் ஒரு டாக்டர் முகர்ந்தார். முகம் சுளித்தது. சட்டென்று அதைச் சரிசெய்துகொண்டு, "ஆமா, பேரிக்காய்தான்" என்றார். பக்கத்தில் நின்ற வக்கீல் விட்டுக்கொடுப்பாரா? "காட்டுப் பேரிக்காய்" என்றார். அந்த அம்மாள், "சின்ன வயசுல எங்க தோட்டத்துல இதே வாசனைங்க" என்று கண் கலங்கினார். அட்டைப்பெட்டிக்கு இப்படியொரு மரியாதையை நான் கண்டதில்லை.

(நீங்கள் சிரிக்க வேண்டாம். புரியாத கதையை யாரோ 'அடர்த்தி' என்றதும், "ஆமாம், ரொம்ப அடர்த்தி" என்று தலையாட்டியவர்கள்தானே நாம்.)

5

முடிவு ஒன்று: குட்டு உடைகிறது. அத்தானோடு அக்காவுக்கும் வேலை போகிறது.

முடிவு இரண்டு: அத்தானுக்குச் சம்பள உயர்வு. அக்காவுக்கு ஆயுசு முழுக்கத் தக்கை.

மூன்றாவதாக, அக்கா எல்லோர் முன்னாலும் நிமிர்ந்து நின்று

(இல்லை. அவளைப் பேச வைத்துக் கைதட்டல் வாங்கிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது.)

அத்தான் இப்போதுதான் கண்ணைத் திறந்து டாக்டரின் முகத்தைப் பார்க்கிறார். பிறகு அக்காவை. பிறகு தன் பக்கம் திரும்பியிருக்கும் லேபிளை. அவள் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

முதலாளியும் முகர்கிறார். அவருக்கு ஏதோ உறுத்துகிறது. ஆனால் இத்தனை பேரும் பேரிக்காய் என்ற பிறகு தன் மூக்கை நம்ப அவருக்குத் தைரியம் வரவில்லை. கோப்பையை உங்களிடம் நீட்டுகிறார்.

"வந்ததுல இருந்து பேசாமயே பாத்துட்டு இருக்கீங்க. நீங்க சொல்லுங்க, என்ன வாசனை?"

அக்கா துடைப்பதை நிறுத்திவிட்டு உங்களையே பார்க்கிறாள்.