ஹவ்வா வீட்டு வருகைப் பதிவேடு

சட்டத்தை எழுத்துக்கு எழுத்துக் கடைப்பிடித்த வீடு இந்தத் தீவில் ஒன்றே ஒன்றுதான். அது ஆலங்குடாவில், ஹவ்வாவின் வீடு. வாடகைக்கு விடும் அறைகள் இரண்டு, ஒன்றின் கதவு சாத்தாது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்த வீட்டுக்குள் நுழைந்த பிரதேச சபை அதிகாரி றொகான் இன்றுவரை வெளியேறவில்லை.

தங்குமிட விதிகள் நாற்பத்தொன்றையும் எழுதியவர் அவர்தான். தீயணைப்பான் வேண்டும், கிணற்றுத் தண்ணீருக்குச் சான்றிதழ் வேண்டும், நாலு வாகனம் நிறுத்த இடம் வேண்டும். ஹவ்வா வீட்டில் இருந்த வாகனம் ஒரு சைக்கிள். பக்கத்தில் சபைத் தலைவரின் மச்சான் கட்டிய இருபது அறை ஹோட்டலோ ஒரு துண்டு அனுமதியும் இல்லாமல் கக்கூஸ் தண்ணியைக் கடலோரக் களப்புக்குள் விட்டுக்கொண்டிருந்தது. அதிகாரியின் ஜீப் அந்த ஹோட்டல் நிழலில்தான் நின்றது.

முந்தின நாள் அந்த ஹோட்டலிலிருந்து வந்து ஹவ்வாவிடம் கணவாய்க் கறியும் சோறும் தின்ற வெள்ளைக்காரியின் பெயர் பதிவேட்டில் இல்லை. சாப்பிட்டவரும் விருந்தினரே, ஏழு நாளில் வீட்டுக்குச் சீல் என்றார் றொகான். காற்றடிக்கும் ஐந்து மாதமும் பட்டத்தைப் பிடித்துக் கடலில் சறுக்க வருகிறவர்களை நம்பித்தான் அந்த வீட்டில் வருடம் முழுக்க உலை கொதித்தது.  ஆனாலும் வந்தவரை வெறும் வாயோடு அனுப்பி அங்கே பழக்கமில்லை. ஹவ்வா பால் விடாத பிளேன்டியும் இனிப்புக்குத் தொதலும் வைத்தாள். அவர் கோப்பையைக் கீழே வைத்ததும் அவள் கணவன் நஜாத் பதிவேட்டையும் பேனையையும் எடுத்தான்.

"ஐசி நம்பரச் சொல்லுங்க சேர்."

"எனக்கு எதுக்கு?"

"தின்டு குடிச்சா விருந்தாளிதானே. எழுதாட்டி சீல் எண்டு இப்பதானே சொன்னீங்க."

றொகான் சிரித்துக்கொண்டே அடையாள அட்டை இலக்கத்தைச் சொன்னார், நஜாத் எழுதினான். பதினேழாம் விதிப்படி, உள்நாட்டு விருந்தினரின் பெயருக்கு நேரே பொறுப்பதிகாரி அலுவலகத்தில் வைத்து முத்திரை குத்தும்வரை அவர் அங்கேயே தங்கியிருப்பதாகக் கருதப்படுவார். அந்தப் பொறுப்பதிகாரி றொகானேதான். எழுந்து வாசல் படலையைத் தாண்டி வெளியே போனார். குசினிக் கதவால் உள்ளே வந்தார். மறுபடி போனார், மறுபடி குசினி. பத்தாம் தடவை, மீன் கழுவிக்கொண்டிருந்த ஹவ்வா நிமிர்ந்தாள்.

"செருப்பக் கழட்டிட்டு வாங்க சேர், இப்பதான் கூட்டின."

சபைத் தலைவர் வந்தார், படலைக்கு வெளியே நின்று அதட்டினார், நஜாத் பேனையோடு வரவும் ஜீப்பில் ஏறினார். விதியைத் திருத்தும் கூட்டத்துக்குப் பொறுப்பதிகாரி நேரில் வரவேண்டும் என்பதும் விதி. மூன்று வருடம் போயிற்று. சீல் வைக்க வேறெவரும் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. விருந்தினரின் உடல்நலத்துக்கு வீட்டுக்காரரே பொறுப்பு என்பதால் றொகானின் மூச்சிழுப்புக்கு ஹவ்வாதான் மருந்து வாங்குகிறாள். ஹோட்டல் இப்பவும் களப்புக்குள்தான் விடுகிறது. அந்த நாற்றம் முதலில் அவருடைய யன்னலுக்குத்தான் வருகிறது. ஒருதரம் சபைக்கு முறைப்பாடு எழுதினார். பொறுப்பதிகாரியின் முத்திரையில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

இணையத்தில் வெள்ளைக்காரர்கள் அந்த வீட்டைப் பற்றி நல்லபடிதான் எழுதுகிறார்கள். ஒரே குறை, அதிகாரி குறட்டை விடுகிறார்.