விருந்தாளிக்குக் கொடுத்த அடி

கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டுகிறவர்கள் சேர்ந்து நடத்தும் பம்பை மேள செட்டில் பாட்டுக் கட்டுகிறவள் தங்கமணி. பாட்டின் கடைசி அடியில் கட்டினவர் பேர் வரும். வெளியூர்ப் பாடகர் யாராவது கூட நின்று பாடினால், அன்றைக்கு மட்டும் மரியாதைக்கு அவர் பேரை வைப்பார்கள். சுற்றுவட்டாரத்துப் பாடகர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான்.

சென்னையிலிருந்து நிகிலன் கிட்டாரோடு வந்தான். சொந்தமாகப் பாட்டெழுதிப் பாடுகிறவன். கரும்புக் கொல்லையில் பாம்பு கடித்துச் செத்த தங்கையை நினைத்துத் தங்கமணி கட்டிய பாட்டை இருவரும் சேர்ந்து பாட, கேமராவில் பிடித்தார்கள். "நிகிலன் கட்டின பாட்டு இது" என்று அவளே மனசார முடித்து வைத்தாள்.

வீடியோ பட்டிதொட்டியெல்லாம் ஓடியது. உளுந்தூர்பேட்டை ஓட்டலில் பரோட்டா போடுகிறவன்கூட அதை நிகிலன் பாட்டு என்றான்.

தங்கமணி அவனுக்குப் போன் போட்டாள்.

"நீங்கதானேக்கா அப்படிப் பாடினீங்க? இனிமே எப்படி மாத்துறது?" என்று சிரித்தான்.

"என் தங்கச்சி செத்ததுக்கு நீ இன்னாப்பா அழுத?" என்றாள். அதற்குள் லைனைக் கட் செய்திருந்தான்.

ஆடியில் எலவனாசூர்கோட்டைத் திருவிழாவில் அந்தப் பாட்டைத்தான் கேட்டார்கள். கடைசி அடியில் தன் பேரைப் போட்டுப் பாடினாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"இன்னா யக்கோவ், அடுத்தவன் பாட்டுல ஒம் பேரப் போட்டுக்கினு பாடுற?" என்று முன்னால் இருந்த ஒருத்தன் கத்தினான்.

பம்பைக்கார வீரமுத்து அடிப்பதை நிறுத்தாமல் அவள் பக்கம் சாய்ந்தான். "அவன் பேரையே போட்டுடு தங்கம். ஜனம் எழுந்து போய்க்கினு இருக்குது."

போட்டாள். கை தட்டினார்கள்.