சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது

உலக மக்கள் அனைவருக்கும் இதனால் பணிவுடன் அறிவிப்பது யாதெனில், எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் ஒரு மகான் கண்டெடுக்கப்பட்டார். அதுவரை அவருக்கு அங்கே 'கம்ப்ளைன்ட் சார்' என்று பட்டம்.

தனிக்கட்டை. லிஃப்ட் முனகினால் புகார், மேல்வீட்டில் நாற்காலி நகர்ந்தால் புகார். புகார் என்று போனால்தான் கீழே காவல்காரராவது நாலு வார்த்தை பேசுவார்.

பக்கத்து வீட்டில் ஒரு தையல்காரர், அவரும் ஒண்டி ஆள். மெஷின் சத்தத்தைப் பற்றிப் புகார் போனதிலிருந்து, மாடிப்படியில் சாரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுவர் டொக் டொக்கென்றது.

"ஓகோ, பழி வாங்குறியா?" என்று சார் துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்து, கட்டையால் நாலு போடு போட்டார். அங்கே டொக். இங்கே டொம். சாயங்காலம் வரை இருவரும் விடவில்லை. அவ்வளவு நேரம் சாரோடு யாராவது மல்லுக்காவது நின்று வருஷக்கணக்காகிறது. கை கடுத்ததும் கீழே போய்க் கத்தினார்: "கதவை உடைச்சாவது அந்தாளை வெளிய இழுத்துப் போடுங்கய்யா!"

காவல்காரர் போய்க் காதை வைத்தார். உள்ளே முனகல். நிஜமாகவே கதவை உடைத்தார்கள். சாய்ந்த அலமாரிக்கு அடியில், தொடை எலும்பு முறிந்து, கையில் கத்தரிக்கோலோடு தையல்காரர் கிடந்தார்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் உடனே கூட்டம் போட்டார். "நம்மிடையே வாழும் கருணைக்கடல்!" என்று அவர் முழங்கும்போது மைக் செத்துப்போனது. கடல் எழுந்து நின்று கும்பிட்டது.

ஆஸ்பத்திரியில் தையல்காரர் சாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க பதிலுக்குத் தட்டலேன்னா அப்படியே கண்ணை மூடியிருப்பேன் சார். அந்தப் பக்கம் ஆள் இருக்குன்னு தெரிஞ்சுது. அந்தத் தைரியத்துலதான் கிடந்தேன்."

"இல்ல... நான் தட்டினது வந்து..."

"சொல்லுங்க சார்."

சார் அந்தக் கையைப் பார்த்தார். ஊசி குத்திக் காய்த்துப்போன விரல்கள். சொன்னால் விலகிவிடும்.

"ஒண்ணுமில்ல. வந்ததும் மெஷினை எப்ப வேணா ஓட்டுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"எங்க சார்? அக்கா அவ வீட்டுக்கே கூட்டிட்டுப் போறா. தனியா விடமாட்டாளாம்."

மெஷினும் போயிற்று. லிஃப்டில் சாருக்குக் கிடைத்த வணக்கங்கள் தண்ணீர் மோட்டார் பழுதாகும் வரை நீடித்தன. அப்புறம் எல்லோருக்கும் வேறு கவலை. மத்தியானங்களில் சார் சுவரோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, விரல் முட்டியால் மெல்லத் தட்டுவார். காது கொடுப்பார். சுவர் சுவராகவே இருக்கும்.

போன வாரம் அந்த வீட்டுக்குப் புதிதாக ஆள் வந்தது. மறுநாளே காவல்காரரிடம் புகார் போனது: பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுகிறார்.