நான் போட்ட சத்தத்தில் சரியான நெட்டு

நந்தகுமாரை நான் திட்டாத திட்டில்லை. எங்கள் தெருவுக்கெல்லாம் நெட்டு கொடுத்தவன் அவன்தான். காலை ஒன்பது மணியானால் படுத்துவிடும். சாயங்காலம் தானாக எழுந்துகொள்ளும். நெட்டுப் பெட்டியை அணைத்துப் போடச் சொன்னான், போட்டேன். வேறு பெட்டி மாற்றினான், அதே கதிதான். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நாலு பேர் பார்க்க அவன் மானத்தை வாங்கினேன். பின்னே? என் மகள் துர்காவுக்குச் சென்னைக் கம்பெனியில் கடைசிச் சுற்று இன்டர்வியூ, வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில்.

போன வாரம் நெட்டு சரியானது. நான் போட்ட சத்தம் அப்படி என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பழமலைநாதர் கோயிலில் அவள் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வரவே பதினொன்றாகிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் எனக்குப் பொம்மைப் பட்டறை. களிமண் காயாமல் மூடுகிற சாக்குகளை அலசி, வெயில் நன்றாக விழுகிற இடமென்று, எப்போதும்போல மாடியில் கறுப்பு வயரில் போட்டுவிட்டு இறங்கினேன்.

உள்ளே துர்கா, "சார், கேக்குதுங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். திரையில் இன்டர்வியூ எடுக்கிற ஆள் வாயைத் திறந்தபடி அசையாமல் நின்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. நந்தகுமாருக்குப் போன் போட்டு வாயில் வந்ததெல்லாம் பேசினேன். பத்து நிமிடத்தில் வந்து நேரே மாடியேறினான்.

ஈரச் சாக்குகளின் பாரத்தில் வயர் கைப்பிடிச் சுவர் முனையில் மடங்கிக் கிடந்தது. ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டான். இதுதான் நெட்டு வருகிற வயர், உள்ளே கண்ணாடி இழை, மடங்கினால் நெட்டு போகாது என்றான். முன்பே சொல்லித் தொலைப்பதற்கென்ன என்று கத்தினேன்.

"போன வாரமே துர்காகிட்ட சொல்லிட்டேங்க."

கீழே வந்தால் அவள் கம்ப்யூட்டரை மூடியிருந்தாள். நேரம் முடிந்துவிட்டதாம், வேறு நாள் கிடையாதாம். ஏன்டி என்னிடம் சொல்லவில்லை என்று அவள் மேலும் பாய்ந்தேன்.

"சொன்னா கத்துவீங்கப்பா. அதான் தெனம் ஒம்போது மணிக்கு நீங்க சாக்கப் போட்டுட்டு எறங்குனதும் நானே போயி எடுத்து வச்சிடுவேன். சாயங்காலம் நீங்க திரும்ப ஏறுறதுக்குள்ள பழையபடி போட்டுடுவேன். இன்னிக்கி நீங்க போடும்போது நான் பேசிக்கிட்டு இருந்தேன், எழுந்திரிக்க முடியல."

அவள் வேலையைக் கெடுத்தது என் வாய்தான். அந்த ஆத்திரத்திலும் கத்தத்தான் வாயைத் திறந்தேன். துர்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.