நீள விசில்

அப்பாவின் இடது இமை மூட மாட்டேன் என்றது. மகள் கட்டைவிரலால் அதை இழுத்துப் பிடித்துப் பார்த்தாள். விட்டதும் ஒரு கீற்று வெள்ளை மறுபடி தெரிந்தது. மேசை இழுப்பறையில் பிளாஸ்டர் சுருள் இன்னும் இருந்தது. முகத்தின் இடப்பக்கம் வாதத்தில் விழுந்துபோன நாளிலிருந்து, தூங்கும்போது அவர் கண்ணை அதை ஒட்டித்தான் மூடி வைத்தார்கள். அவள் ஒரு துண்டு கிழித்தாள்.

"விடு. உயிரோட இருந்தப்ப குத்தினது பத்தாதா?" என்றான் அண்ணன்.

"குத்தினது நான் இல்ல."

"கூட்டிட்டுப் போனது நீதானே? மாத்திரை போதும், தானா சரியாயிடும்னு ஆஸ்பத்திரியில படிச்சுப் படிச்சு சொன்னாங்க. நீ பெரிய மேதாவி, ஊசி குத்திக்க இழுத்துட்டுப் போன. இப்ப பாரு, ஹார்ட் அட்டாக்."

"முகத்துல குத்தினா ஹார்ட் எப்படிண்ணா நிக்கும்?"

"அதை அந்தப் பொம்பளைகிட்ட கேளு."

அவள் பிளாஸ்டரை ஒட்டினாள். உயிர் போனதும் முகத்தின் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தளர்ந்து, கோணல் மறைந்துவிட்டிருந்தது. இத்தனை நாளும் அவள் ஆசைப்பட்டது இதற்குத்தான். இப்படிக் கிடைத்ததில் அவளுக்கு அழுகையைவிட எரிச்சல்தான் வந்தது.

அப்பா மரக்கிடங்கில் லாரிகளுக்கு வழி காட்டியவர். விரல் வைக்காமல், உதட்டைக் குவித்தே விசில் அடிப்பார். அந்த விசிலுக்கு எவ்வளவு பெரிய லாரியும் அடங்கி நிற்கும். செருப்பை வாசலில் கழற்றியவருக்கு விசிலைக் கழற்றிவிட்டு உள்ளே வரத் தெரியவில்லை. அதனால் வீட்டில் யாருக்கும் பெயரே தேவைப்படவில்லை. குட்டையாக ஒன்று அடித்தால் மகள், இரண்டு அடித்தால் மகன், நீளமாக அடித்தால் அம்மா. சின்ன வயதில் தன் விசிலுக்கு ஓடிப்போய் நிற்பது மகளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அம்மாவுக்கு எப்படி இருந்தது என்று யாரும் கேட்டதில்லை.

முகம் கோணிய அன்று விசிலும் போயிற்று. உதட்டைக் குவித்தால் காற்று இடது ஓரமாகப் புஸ்ஸென்று போனது. குடித்த தண்ணீரும் அதே வழியாக ஒழுகியது. அப்பா கண்ணாடியைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். அதைக் காணச் சகிக்காமல்தான் மகள் லீவு போட்டுவிட்டு வந்து, அவரை அக்குபங்சருக்குக் கூட்டிப்போனாள். மருந்துக்கடைக்கு மேலே ஓர் அறை, அதில் ஒரு கட்டில், ஊசி குத்த ஓர் அம்மாள். புருவத்திலும் கன்னத்திலும் வாயோரத்திலும் முடி மாதிரி ஊசிகள். ஒன்று மட்டும் கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில்.

"கூரை ஒழுகுதுன்னா வாசப்படிக்கு சிமென்ட் பூசறா உன் ஊசியம்மா," என்று அப்பா குழறினார். ஆனாலும் தவறாமல் போனார். வாயோரம் லேசாகத் துடிக்கத் தொடங்கியது. லீவு முடிந்ததும் மகள் பொறுப்பை அம்மாவிடம் விட்டுவிட்டு ஊர் திரும்பினாள். ஊசி நாளான செவ்வாய்தோறும் போன் செய்தால், "போயிட்டு வந்துட்டோம்," என்பாள் அம்மா.

இப்போது அந்த ஊசியம்மாவே வாசலில் வந்து நின்றாள். அண்ணன் வழியை மறித்துக்கொண்டான்.

"எங்க வந்தீங்க? உங்க கைவரிசையப் பார்க்கவா?"

"தம்பி, நான் அவரைப் பார்த்தே ரொம்ப நாளாச்சு."

"என்ன கதை விடறீங்க?"

"ஊசின்னாலே சண்டைக்கு வரார், இனிமே வரமாட்டார்னு உங்கம்மாதான் போன்ல சொன்னாங்க. உள்ள போய்க் கேளுங்க. சாவு வீடாச்சேன்னு பார்க்கறேன், இல்லன்னா நானும் பேசுவேன்." வந்த வேகத்தில் படியிறங்கிப் போய்விட்டாள்.

மகள் நேரே சமையலறைக்குப் போனாள். அம்மா முக்காலியில் உட்கார்ந்து, கழுவிய டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

"அப்பா ஊசிக்குப் போகலயாம்மா?"

"போகல."

"அவரே வேணாம்னுட்டாரா?"

அம்மா டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "அவரு கேட்டுட்டேதான் இருந்தாரு. ஊசியம்மா வெளியூர் போயிருக்கு, வந்ததும் போலாம்னேன்."

"அவருகிட்ட ஒண்ணு, அவங்ககிட்ட ஒண்ணு, எங்கிட்ட ஒண்ணு! எப்படிம்மா மனசு வந்துச்சு? கண்ணாடியப் பார்க்க பயந்துட்டு கெடந்தாரு மனுஷன்."

"கத்தாத. வெளிய ஆளுங்க இருக்காங்க."

"கத்துவேன். அரை மூஞ்சியோட செத்துப் போயிருக்காரு. உனக்குக் கொஞ்சமாவது ஈரம் இருக்கா?"

"ஒழுகின வாயை யாரு தொடச்சா? நீயா?" அம்மாவின் குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "நீ ஊருக்குப் போன மறுநாள் சத்தம் வந்துச்சு. காத்தும் சத்தமுமா, சின்னதா. எனக்கே தெரியாம எந்திரிச்சு நிக்கறேன். அது இல்லாத கொஞ்ச நாளுதான் ஒரு வாய் சோத்த உட்கார்ந்து தின்னேன். அன்னைக்கே ஊசிய நிறுத்திட்டேன்."

"ஒரு விசிலுக்காகவா?"

"உன்னோடது குட்டை விசில்டி. ஓடிப்போய் நின்னா மிட்டாய் கிடைக்கும்."

மகளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பேச வாயெடுப்பதற்குள் அம்மாவே தொடர்ந்தாள்.

"ஊசிய நிறுத்தினா அதுவும் நின்னுடும்னு பார்த்தேன். நிக்கல. ஆஸ்பத்திரியில சொன்ன மாதிரி தானாவே வந்துச்சு. கண்ணுதான் பாக்கி. நேத்து சாயங்காலம் கூடத்துலேர்ந்து அடிச்சாரு. பழைய மாதிரியே, நீளமா."

"அப்புறம்?"

"நான் இங்கதான் இருந்தேன்."

"போகலயா?"

"போகல. கல்யாணம் ஆனதுலேர்ந்து நேத்துதான் போகல. மறுபடியும் அடிச்சாரு. அப்புறம் அடிக்கல."

தண்ணீருக்கு அடித்தாரா, நெஞ்சு வலித்து அடித்தாரா என்று மகள் கேட்கவில்லை. இனிமேல் இவள் முகத்தில் விழிக்கக் கூடாது என்று நினைத்தாள். மனதார நினைத்தாள்.

வெளியே சவ வண்டி வந்துவிட்டது. தெரு குறுகல் என்பதால் பின்பக்கமாகத்தான் வர முடியும். கூட வந்த ஆள் இறங்கி ஓட்டுநருக்கு வழி காட்டினான். நீளமாக ஒரு விசில் அடித்தான்.

அம்மா எழுந்துவிட்டாள். மடியிலிருந்த டம்ளர் விழுந்து உருண்டது. "இதோ வந்துட்டேன்," என்று ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி சமையலறை வாசற்படி வரை போய்விட்டாள். அங்கேயே நின்றாள். மகள் பக்கம் திரும்பவில்லை. கை மட்டும் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தது.

மறுபடி விசில் கேட்டது. மகள் அவளைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, அண்ணனைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

"விசில் அடிக்காதீங்க!"

"அடிக்கலன்னா எப்படிம்மா? செவுத்துல இடிச்சுடும்."

"இடிச்சா இடிக்கட்டும். கையைக் காட்டுங்க."

அவன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு ஒரு பக்கம் கையைத் தூக்கினான். மகள் செருப்பில்லாமல் எதிர்ச்சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டு, ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும்படி, வா, வா என்று கையை அசைத்தாள்.