ஏழு விநாடி

எலி தண்ணீர்க் குழாயை நோக்கி நாலடி வைத்தது, அப்படியே நின்றுவிட்டது. தலை லேசாகத் தொங்க, மீசை மட்டும் துடித்தது. பதிவு ஓடிய கணினித் திரையின் கீழ்ப்பாதியில் அதுவரை சாதுவாக ஓடிக்கொண்டிருந்த மூளை அலைகள் சீப்புப் பற்களாக எழும்பின. ஏழு விநாடி. பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி எலி மிச்ச தூரத்தையும் நடந்துபோய்த் தண்ணீர் குடித்தது. அவள் தாளில் ஏழு என்று எழுதினாள்.

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. கூண்டு கழுவுவது, தீனி வைப்பது, பதிவுகளைப் பார்த்து எலிகள் உறைந்து நிற்கும் நேரத்தைக் குறிப்பது அவள் வேலை. பரம்பரையாக வலிப்பு வரும் எலிகள் அவை. விழுந்து கைகால் இழுக்கும் வலிப்பு அல்ல, வெறுமனே நின்றுபோகிற வலிப்பு. அதுவும் பிறந்தவுடன் வராது. சில மாதம் போன பிறகுதான் தலைகாட்டும். அதற்கு முன்பே, பால் மறந்த நாளிலிருந்தே, பாதி எலிகளுக்குத் தண்ணீரில் மருந்து கலந்து கொடுத்தார்கள். ஐந்தாம் மாதம் நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகும் வலிப்பு அண்டாமல் இருக்குமா என்பதுதான் கேள்வி. எந்தப் பாட்டிலில் மருந்து, எதில் வெறும் தண்ணீர் என்று அவளுக்குத் தெரியாது. மேலே எண் மட்டும்தான் இருக்கும். "எலிக்கு வந்த வாழ்வைப் பாரு" என்று ஆரம்பத்தில் அவளே சிரித்திருக்கிறாள்.

முதல் பதிவைப் பார்த்த அன்றோடு அந்தச் சிரிப்பு போயிற்று. அந்த நிற்றலை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள், தன் வீட்டில்.

மகளுக்கு அப்போது ஆறு வயது. வாய்க்குப் போகிற கை பாதியில் நிற்கும். கூப்பிட்டால் செவிடன் காதில் ஊதிய சங்குதான். பள்ளிக்கூடத்தில் டீச்சர், "பாடம் நடத்துறப்ப எல்லாம் பராக்குப் பாக்குறா" என்றாள். வீட்டில் அதுவே பட்டப்பெயராயிற்று: பராக்கு. ஒரு நாள் இவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்த பிள்ளை, ஒரு சொல்லின் நடுவில் பென்சிலோடு நின்றுவிட்டது. "புத்தி எங்கடி மேயுது?" என்று கன்னத்தில் ஒன்று வைத்தாள். குழந்தை கண்ணைச் சிமிட்டியது. "ஏம்மா அடிச்ச?" என்றது. நிஜமாகவே தெரியாமல் கேட்ட கேள்வி. இவளுக்கு அது வாய்க்கொழுப்பாகப் பட்டது. அதற்கும் ஒன்று வைத்தாள்.

பதினோரு வயதில் காய்ச்சலுக்குப் போன இடத்தில்தான் ஒரு மருத்துவர் சந்தேகப்பட்டு, வேகவேகமாக மூச்சு விடச் சொன்னார். இரண்டு நிமிடத்தில் பிள்ளை அவர் முன்னாலேயே உறைந்து நின்றது. ஐந்து வருடத்துப் பராக்குக்கு அன்றுதான் வேறு பெயர் கிடைத்தது. மாத்திரை ஆரம்பித்தார்கள். நிறையக் குறைந்தது, முழுசாக நிற்கவில்லை.

எந்த எண்ணில் மருந்து இருந்தது என்று பிரித்துப் பார்த்த அன்று ஆய்வை நடத்தும் டாக்டரம்மா நாற்காலியில் உட்காரவே இல்லை. "மருந்து குடிச்சதுங்களுக்கு வலிப்பு பாதிக்கும் கீழே, அக்கா! நிறுத்தி ரெண்டு மாசம் ஆகியும்!"

"அப்போ... சின்னதிலேயே கவனிச்சுக் குடுத்திருந்தா?"

யாரைப் பற்றிய கேள்வி என்று டாக்டரம்மாவுக்குத் தெரியும். அவள் குரல் இறங்கியது. "இது எலி, அக்கா. இதுங்களுக்கு வரும்னு பொறக்கும்போதே தெரியும். பிள்ளைங்கள்ல யாருக்கு வரும்னு யாரு கண்டா? வந்தப்புறம் சீக்கிரம் குடுத்தா இப்படி ஆகுமான்னு எனக்குத் தெரியாது."

"தெரியாதா?"

"நெஜமா தெரியாது."

ஆமாம் என்றிருந்தால் அழுதிருப்பாள். இல்லை என்றிருந்தால் கொஞ்சம் தேறியிருப்பாள். பேருந்தில் வரும் வழியெல்லாம் அந்தத் தெரியாதை உருட்டிக்கொண்டே வந்தாள். மருந்து விஷயம் தெரியாது, சரி. அடித்தது தெரியுமே. அதற்கு எந்த ஆராய்ச்சி வேண்டும்?

மகள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது, அம்மாவைவிட ஒரு பிடி உயரம். பெரிய போர்வையைத் தனியாக மடிக்க முடியாமல், "அம்மா, அந்தப் பக்கம் பிடி" என்றாள். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து இழுத்தார்கள். முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லை. போர்வையைப் பார்த்தே ஆரம்பித்தாள்.

"சின்ன வயசுல ஒருநாள் எழுதிட்டு இருந்தப்ப உன்னை அடிச்சேன். ஏம்மா அடிச்சன்னு கேட்ட. அதுக்கும் அடிச்சேன். நீ ஒண்ணும் பண்ணலடி. எனக்குத்தான் பாக்கத் தெரியல. தப்புப் பண்ணிட்டேன்."

எதிர்ப்பக்கம் போர்வை தளர்ந்தது. நிமிர்ந்தாள். மகளின் கண்கள் திறந்தே இருந்தன. இமை மட்டும் படபடத்தது. எந்தச் சொல்லில் போனாள், எது வரை கேட்டாள், தெரியவில்லை. ஆய்வுக்கூடத்து வழக்கத்தில் மனசு ஒன்று, இரண்டு என்று தொடங்கியது. எண்ணாதே என்று அதை அதட்டினாள்.

மகள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "என்னம்மா? ஏதோ சொல்லிட்டு இருந்தியே."

"ஆமா. சொல்லிட்டு இருந்தேன்."

மகளின் கையிலிருந்து போர்வையின் ஒரு முனை நழுவித் தரையில் கிடந்தது. குனிந்து எடுத்தாள், தூசியைத் தட்டினாள், மறுபடி விறைப்பாக இழுத்துப் பிடித்தபடி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.